பாத்ரூமில் ஷாக்: எம்சிபி இருந்தும் ஏன் அடிக்கிறது?

முன்பு நான் குடியிருந்த ஒரு வாடகை வீட்டில், ஹீட்டர் ஓடும்போது குளியலறைக் குழாயைத் திருகினால் விரல் நுனியில் சுருக்கென்று கடிக்கும். வீட்டு ஓனரிடம் சொன்னேன். "பாக்ஸ்ல எம்சிபி போட்டிருக்கு தம்பி, ஒண்ணும் ஆகாது. வேணும்னா ரப்பர் செருப்பு போட்டுக் குளிங்க" என்றார். அவர் என்னை ஏமாற்றவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். நானும் ஒரு வாரம் செருப்போடு குளித்தேன் என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவருடைய நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து துண்டிக்கும் சுவிட்ச். அது ஆளைக் காப்பாற்றச் செய்த கருவி இல்லை. அது வயரைக் காப்பாற்றச் செய்தது. ஆளைக் காப்பாற்றுவது வேறு ஒன்று. அது ஏன் என்று புரிந்தால், குளியலறையில் சுவிட்ச் எங்கே இருக்கலாம், பிளக் எங்கே இருக்கக் கூடாது என்ற விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை.

கரண்டுக்குத் திரும்பும் வழி வேண்டும்

மின்கம்பியில் காக்கை உட்கார்ந்திருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அதே காக்கை டிரான்ஸ்பார்மர் மேல் ஒரு கம்பியை மிதித்துக்கொண்டு, பக்கத்து இரும்புச் சட்டத்தை இறக்கையால் தொட்டுவிட்டால் அடுத்த நொடி கீழே விழுகிறது. முதல் முறை கரண்ட் காக்கைக்குள் நுழைந்தாலும் போக இடமில்லை. இரண்டாவது முறை திரும்பிப் போக வழி கிடைத்துவிட்டது.

நம் வீட்டுக்கு 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. அதைக் கொண்டுவரும் வயருக்கு ஃபேஸ் என்று பெயர், திரும்பிப் போகும் வயர் நியூட்ரல். மின்விளக்கோ மிக்சியோ இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்கிறது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை மண்ணோடும் இணைத்திருப்பார்கள். அதனால் நம் காலடியில் இருக்கும் தரையும் ஒரு திரும்பும் வழிதான். ஃபேஸைத் தொட்டபடி ஈரத் தரையில் நிற்பவர் இன்னொரு வயர் ஆகிவிடுகிறார்.

ஈரம் செய்யும் வேலை

"தண்ணி கரண்டை இழுக்கும்" என்பார்கள். தண்ணீர் எதையும் இழுப்பதில்லை. காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் கரண்டை மிகக் குறைவாகவே கடத்தும். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகள்தான் நன்றாகக் கடத்துகின்றன. அதைவிட முக்கியம், தண்ணீர் நம் தோலை என்ன செய்கிறது என்பது.

கரண்ட் ஓடுவதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பை மின்தடை என்கிறோம், அதை ஓம் கணக்கில் அளக்கிறோம். காய்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம் வரை இருக்கும். நன்றாக ஊறிய ஈரத் தோலோடு பார்த்தால் மொத்த உடம்பின் மின்தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். ஆம்பியர் என்பது ஓடும் கரண்டின் அளவு, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். ஆக, நனைந்த உடம்பில் 230 மில்லி ஆம்பியர் ஓட வாய்ப்பு உண்டு.

அது பெரிய அளவா? 1 மில்லி ஆம்பியர் அளவிலேயே சுருக்கென்று தெரியும். 10-ஐத் தாண்டினால் கைத் தசை இறுகிக்கொள்ளும், பிடித்ததை விட முடியாமல் போகலாம். கரண்ட் ஆளைப் பிடித்துக்கொண்டது என்று ஊரில் சொல்வது இதைத்தான். உண்மையில் நம் கைதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 30-க்கு மேல் போய் நீடித்தால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. 100-ஐ ஒட்டிய கரண்ட் ஓரிரு நொடி நீடித்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகிப் போகலாம். நாம் கணக்கிட்டதோ 230.

செருப்பு விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். ரப்பர் செருப்பு காலின் வழியை ஓரளவு அடைக்கும். ஒரு கை குழாயில் இருக்கும்போது மறு கையோ தோளோ ஈரச் சுவரில் பட்டால், கரண்ட் காலைத் தேடிப் போகாது. நெஞ்சு வழியாகவே போகும்.

இதுவரை பார்த்தது: ஷாக் அடிக்கக் கரண்டுக்குப் போகும் வழி, திரும்பும் வழி இரண்டும் வேண்டும். குளியலறையில் ஈரத் தரை, ஈரச் சுவர், உலோகக் குழாய் எனத் திரும்பும் வழி எங்கும் இருக்கிறது. ஈரத் தோல் அந்த வழியைச் சுலபமாக்குகிறது.

எம்சிபிக்கு நீங்கள் ஒரு சீலிங் ஃபேன்

பழைய வீடுகளில் பீஸ் கட்டை செய்த வேலையைத்தான் எம்சிபி செய்கிறது. ஒரு பாலத்தில் நிற்கும் காவலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். 16 டன்னுக்கு மேல் ஏற்றிய லாரி வந்தால் தடுப்பார், இல்லாவிட்டால் பாலம் இடிந்துவிடும். லாரி எந்த ஊருக்குப் போகிறது, வழியில் யார் மேல் ஏறுகிறது என்பதெல்லாம் அவர் வேலை இல்லை.

ஹீட்டர் லைனில் இருக்கும் 16 ஆம்பியர் எம்சிபியும் அப்படித்தான். 2000 வாட் ஹீட்டர் ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும், அது அனுமதிக்கு உட்பட்டது. ஷாக் அடிக்கும் ஆள் வழியே ஓடுவது 0.23 ஆம்பியர். அந்த 16-இல் இது எழுபதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் 50 வாட்டுக்குக் கொஞ்சம் மேல். வீட்டில் இன்னொரு சீலிங் ஃபேன் ஓடுகிறது என்று நினைத்து எம்சிபி சும்மா இருக்கும். அதன் மேல் தப்பில்லை, அதற்குக் கொடுத்த வேலை அது.

எர்த் என்னும் வடிகுழாய்

ஹீட்டருக்குள் தண்ணீரைச் சுட வைக்கும் காயில் நேராகத் தண்ணீரில் கிடப்பதில்லை. அது ஓர் உலோகக் குழலுக்குள், கரண்டைக் கடத்தாத வெள்ளைப் பொடிக்கு நடுவே இருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊரில் அந்தக் குழல் மேல் சுண்ணாம்பு போலப் படிகிறது. சூடு வெளியேற முடியாமல் குழல் அளவுக்கு மீறிச் சுட்டு, ஒரு நாள் விரிசல் விடுகிறது. அப்புறம் ஃபேஸும் தண்ணீரும் நேருக்கு நேர். ஹீட்டரின் உலோகத் தொட்டி, அதிலிருந்து வரும் குழாய், குழாயின் முனையில் நம் கை.

"இப்பல்லாம் பிளாஸ்டிக் பைப்தானே" என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். பிளாஸ்டிக் கடத்தாது, அதற்குள் நிற்கும் உப்புத் தண்ணீர் கடத்தும். நீளமான பைப் என்றால் கசிவு குறையும். ஹீட்டருக்கு நேர் கீழேயே குழாய் இருந்தால் அந்த ஆறுதலும் குறைவு.

எர்த் வயர் இதற்குத்தான். மொட்டை மாடியில் மழைநீர் தேங்கிச் சுவருக்குள் இறங்காமலிருக்க வடிகுழாய் வைக்கிறோம் இல்லையா? அதுபோல, ஹீட்டரின் உலோக உடம்பிலிருந்து ஒரு பச்சை வயரை எடுத்து மண்ணில் புதைத்த தகட்டோடு இணைக்கிறோம். கசியும் கரண்டுக்கு நம்மைவிடச் சுலபமான வழி கிடைக்கிறது. மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த, நீளமான பின் எர்த். நீளமாக வைத்ததற்குக் காரணம், செருகும்போது அது முதலில் சேர வேண்டும், உருவும்போது கடைசியில் பிரிய வேண்டும். அதை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எர்த் இருப்பது போலத் தெரிந்தும் இல்லாமல் போகும் வீடுகள் உண்டு. பழைய வீடுகளில் எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றி விட்டிருப்பார்கள். பிறகு பிளம்பர் வந்து அந்த இரும்புக் குழாயை எடுத்துவிட்டு பிவிசி போட்டுப் போயிருப்பார். எர்த்தும் அவரோடு போய்விட்டது, வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்னொன்று இதைவிட மோசம். எர்த் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால், ஹீட்டர் வழியாக வரும் ஃபேஸ் அந்தத் துண்டு வயர் மூலம் உலோக உடம்புக்கே வந்து நிற்கும். பழுதே இல்லாத ஹீட்டர்கூடக் கடிக்கும்.

சரி, நல்ல எர்த் இருந்தால் போதுமா? அதுவும் போதாது. எர்த் குழியும் மண்ணும் சேர்ந்து 10 ஓம் மின்தடை காட்டுகிறது என்று வையுங்கள். கசியும் கரண்ட் 230-ஐ 10-ஆல் வகுத்து 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழும் என்றுதான் தோன்றும். இந்த அளவு கூடுதலுக்கு அது விழ ஒரு மணி நேரம் வரைகூட ஆகலாம், அதன் வடிவமைப்பே அப்படி. பாலக் காவலாளி 23 டன் லாரியைப் பார்த்துக் கொஞ்சம் யோசிக்கிறார். அதுவரை ஹீட்டரின் உடம்பில் வோல்ட்டேஜ் இருந்துகொண்டே இருக்கும்.

ஆக, எம்சிபி அளவைப் பார்க்கிறது, எர்த் வழி தருகிறது. கசிவு நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்து உடனே துண்டிக்க இன்னும் ஆள் வரவில்லை.

பாத்திரக் கடைக் கணக்கு

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரர் என்ன செய்வார்? 100 தட்டு போனது, 100 தட்டு திரும்பியது என்று எண்ணுவார். 98 வந்தால் இரண்டு எங்கோ போய்விட்டது. எங்கே என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, கணக்கு உதைக்கிறது என்பதே போதும்.

ஆர்சிசிபி செய்வது இதே எண்ணும் வேலை. ஃபேஸ் வழியே போன கரண்டும் நியூட்ரல் வழியே திரும்பிய கரண்டும் சமமா என்று பார்க்கும் சுவிட்ச் அது. அதற்குள் காந்தத்தன்மை ஏறும் உலோக வளையம் ஒன்று இருக்கிறது. இரண்டு வயர்களும் அந்த வளையத்தின் வழியே போகின்றன. போவதும் வருவதும் சமமாக இருந்தால் இரண்டின் காந்த விளைவும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். யாரோ ஒருவர் உடம்பு வழியே கொஞ்சம் கரண்ட் தரைக்குப் போய்விட்டால் சமநிலை கெடும். வளையத்தில் மிச்சப்படும் அந்தச் சிறு காந்தம் ஒரு கொக்கியைத் தட்டிவிட, சுவிட்ச் விழுகிறது.

வீட்டில் ஆளைக் காக்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. அந்த அளவு கசிந்தால் 0.3 நொடிக்குள்ளும், அதைப் போல 5 மடங்கு கசிந்தால் 0.04 நொடிக்குள்ளும் விழ வேண்டும் என்பது தரவிதி. கடையில் 100, 300 என்றும் கிடைக்கும். அவை தீப்பிடிப்பதைத் தடுக்க, ஆளைக் காக்க அல்ல. முகப்பில் 0.03 ஆம்பியர் என்றும், ஐஎஸ் 12640 என்ற இந்தியத் தர எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரிதாகப் போட்டிருக்கும் 40, 63 போன்ற எண் அது தாங்கும் கரண்ட், விழும் அளவு இல்லை. இதில் எலக்ட்ரீஷியன்களே சில நேரம் குழம்புகிறார்கள்.

இதைப் பற்றியும் மிகையான நம்பிக்கை வேண்டாம். ஆர்சிசிபி கரண்டின் அளவைக் குறைப்பதில்லை, நேரத்தைத்தான் குறைக்கிறது. கன்னத்தில் அறை விழுவது விழும், ஆனால் அறைந்த கை உடனே விலகிவிடும். ஒரு கையில் ஃபேஸ், இன்னொரு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் கணக்கு சரியாகவே இருக்கும், அது விழாது. அதிக லோடுக்கும் விழாது, அதனால் எம்சிபி கூடவே வேண்டும். இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் செய்யும் கருவிக்கு ஆர்சிபிஓ என்று பெயர். ஹீட்டர் லைனுக்கு மட்டும் தனியாக ஒன்று போட்டால், அது விழும்போது வீடு முழுக்க இருட்டாகாது.

"ஆர்சிசிபி அடிக்கடி விழுது சார், எடுத்துட்டு நேரா கொடுத்துடலாமா?" என்று கேட்கும் எலக்ட்ரீஷியனுக்குச் சம்மதம் சொல்லாதீர்கள். விழுகிறது என்றால் எங்கோ தட்டு குறைகிறது. பழைய ஹீட்டர் காயில், நனைந்த வெளிவிளக்கு, மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அகப்படும். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில், ஆர்சிசிபிக்கு முன்னால் இருக்கும் நியூட்ரலும் பின்னால் இருக்கும் நியூட்ரலும் கலந்துபோய், கசிவே இல்லாமல் விழுவதும் உண்டு. அது வயரிங் பிழை, திருத்தக்கூடியது.

அதில் ஒரு சிறு டெஸ்ட் பட்டன் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். பட்டன் சொல்வது ஆர்சிசிபியின் நலனை மட்டுமே, எர்த் நன்றாக இருக்கிறதா என்று அது சொல்லாது.

சுவிட்சும் பிளக்கும் எங்கே?

இப்போது விதிகள் தாமாகவே வந்து உட்காரும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் முறைப்படி குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். குளியல் தொட்டிக்குள், தண்ணீர் நிற்கும் இடம் மண்டலம் 0. அதற்கு மேலே 2.25 மீட்டர் உயரம் வரை மண்டலம் 1. தொட்டி இல்லாமல் ஷவர் மட்டும் இருந்தால், ஷவரிலிருந்து சுற்றிலும் 1.2 மீட்டர் வரை மண்டலம் 1. தொட்டி இருக்கும் அறையில் மண்டலம் 1-ஐ அடுத்த 60 சென்டிமீட்டர் மண்டலம் 2. சாதாரண பிளக் பாயின்ட் இந்த மூன்றிலும் கூடாது, வெளியே இருப்பதற்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு வேண்டும்.

நம் ஊர்க் குளியலறையில் இதைப் பொருத்திப் பாருங்கள். 1.2 மீட்டர் என்பது நான்கு அடி. ஐந்தடிக்கு ஏழடி அறையில் ஷவரிலிருந்து நான்கு அடி வட்டம் போட்டால் மீதி என்ன இருக்கிறது? கதவோரம் கொஞ்சம். நமக்கு ஏறக்குறைய அறை முழுவதுமே மண்டலம் 1. அந்தக் காலத்து வீடுகளில் பாத்ரூம் சுவிட்சைக் கதவுக்கு வெளியே வைத்தார்கள். புதிய அடுக்குமாடி வீடுகளில் அதை உள்ளே கொண்டுவந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். என் வாக்கு பழைய வழக்கத்துக்குத்தான்.

ஹீட்டரைச் சுவரில் நிலையாக மாட்டுவதால் அதற்கு உள்ளே அனுமதி உண்டு. அதன் பிளக் பாயின்ட் ஷவருக்கு அருகே என்றால் 2.25 மீட்டருக்கு மேலே, அதாவது ஏறத்தாழ ஏழரை அடிக்கு மேலே இருக்கட்டும். சுவிட்ச் வெளியே, அதுவும் டிபி சுவிட்ச் ஆக இருப்பது நல்லது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே நேரத்தில் துண்டிக்கும் சுவிட்ச் அது. மீட்டர் பக்கத்தில் இருக்கும் டிபி பாக்ஸ் வேறு, இது வேறு. சாதாரண சுவிட்ச் ஒரு வயரை மட்டுமே துண்டிக்கும். எலக்ட்ரீஷியன் தவறுதலாக அதை நியூட்ரலில் கொடுத்திருந்தால், ஹீட்டர் அணைந்தாலும் அதற்குள் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும்.

சுவிட்ச் வெளியே இருக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளே ஒருவர் ஷாக்கில் மாட்டிக்கொண்டால், வெளியே இருப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை அவரைப் பிடித்து இழுப்பது அல்ல, கரண்டை அணைப்பது. சுவிட்சும் உள்ளே இருந்தால் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் பாத்ரூமில் பிளக்கே இருக்காது, விளக்குக்குக் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். ஈரக் கை சுவிட்சைத் தொடாமலிருக்க அந்தக் கயிறு. ஷேவருக்கு மட்டும் ஒரு சிறு சாக்கெட் இருக்கும். அதற்குள் தனி டிரான்ஸ்பார்மர் வைத்து, மண்ணோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் செய்திருப்பார்கள். ஒரு வயரைத் தொட்டாலும் தரை வழியே திரும்ப வழியில்லை, கம்பியில் உட்கார்ந்த காக்கை கதைதான். அமெரிக்காவில் நேர்மாறாக, வாஷ் பேசின் பக்கத்தில் பிளக் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. ஆனால் அது ஆர்சிசிபி போன்ற பாதுகாப்போடு இருக்க வேண்டும் என்று 1975 முதலே விதியாக்கிவிட்டார்கள். அங்கே அது 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே விழும். அமெரிக்காவின் இந்தக் கருவியை 1961-இல் உருவாக்கியவர் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல். எவ்வளவு கரண்டில் கை விட முடியாமல் போகிறது என்று தன்னார்வலர்களை வைத்துச் சோதித்தவரும் அவரே.

வாளியில் போடும் ராடு

ஹீட்டர் இல்லாத வீடுகளில் வாளித் தண்ணீரில் ராடு போட்டுச் சுட வைக்கிறார்கள். இதில் பிழைக்கு இடமே இல்லை. ஓடும்போது தண்ணீரில் விரல் விட்டுச் சூடு பார்க்கக் கூடாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் உருவிய பிறகே கை. இரும்பு வாளி, அலுமினிய அண்டா வேண்டாம். 1500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் எடுக்கும், சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் சாக்கெட் கருகலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ராடு வேண்டாம் என்பதே என் கருத்து.

செருப்போடு குளித்த வீட்டுக்கு வருகிறேன். கடைசியில் நானே ஓர் எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். ஹீட்டரின் சாக்கெட்டைக் கழற்றினார். எர்த் திருகில் ஒன்றுமில்லை. பச்சை வயர் வந்திருந்தது, யாரோ முனையில் டேப் சுற்றி மடித்து உள்ளே தள்ளியிருந்தார்கள். "எர்த் கொடுத்தா எம்சிபி விழுதுன்னு எடுத்து விட்டிருப்பாங்க சார்" என்றார். காயிலை மாற்றி, எர்த்தை இணைத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் போட்டோம். அன்று இரவு மழை வந்தது, ஆர்சிசிபி விழுந்தது. "நல்லா இருந்த வீட்டுல எதையோ மாட்டி வச்சுட்டீங்களே தம்பி" என்று ஓனர் சலித்துக்கொண்டார். மறுநாள் பார்த்தால், துவைக்கிற கல்லுக்கு மேலே இருந்த விளக்கின் ஹோல்டருக்குள் தண்ணீர் நின்றிருந்தது.